குளம் தூய்மையானால் மீன் பிழைக்கும்

கடல் மீனையே உண்டு வளர்ந்த நம்மவர் பலர், வங்கத்தில் குடியேறிய பின் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் நாவைப் பழக்கிக்கொண்டோம். சந்தையில் செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அம்மீன் வளர்ந்த குளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தி இனப்பெருக்கம் செய்வித்தார். அதன் பின் ஆற்றிலே குஞ்சு தேடும் நிலை மாறிற்று, பொரிப்பகங்கள் பெருகின. ஆயினும் உயிர்கள் நெருங்கும் இடத்தில் நோயும் நெருங்குமன்றோ? ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா நன்னீரில் இயல்பாகவே வாழ்வது. நெருக்கத்தாலும், பிராணவாயுக் குறைவாலும், வலை கீறிய காயத்தாலும் மீன் நலிந்த வேளையில் அது உட்புகுகிறது. உடலில் செம்புண் தோன்றும். வயிறு நீர் கோத்து வீங்கும்.

இதனைத் தடுக்கும் முறை எளியது. ஆனால் வரிசை பிறழலாகாது. அறுவடைக்குப் பின் நீரை வடித்து, சேற்றை அள்ளி, தரை வெடிக்கும்வரை வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு இடவேண்டும். நீரை வடிக்க இயலாத குளத்தில், ஒரு மீட்டர் ஆழமாயின் ஹெக்டேருக்குச் சுமார் 350 கிலோ பிளீச்சிங் பவுடர் இடுவர். இதனைச் சுண்ணாம்புடன் சேர்த்து இடலாகாது. காரநீரில் குளோரின் வலுவிழக்கும். அழுக்கும் குளோரினை விழுங்கிவிடும். ஆதலின் தொட்டிகளை முதலில் தேய்த்துக் கழுவிய பின்னரே மருந்து. குளோரின் முற்றும் நீங்கிய பின்னரே குஞ்சு விடவேண்டும்; இன்றேல் அதுவும் மடியும். ஒரு குளத்து வலையை உலர்த்தாமல் மறு குளத்தில் வீசுவது நோயைச் சுமந்து செல்வதாகும்.

இவற்றைச் செய்யாதவர், மீன் மிதக்கத் தொடங்கியதும் மனம் பதறி ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலக்கின்றனர். ஆண்டு முழுதும் இட்ட முதல் கண்முன் அழியும்போது அவர் வேறென் செய்வார்? எனினும் அம்மருந்துக்குப் பழகிய கிருமி குளத்தோடு நின்றுவிடுவதில்லை. நம் குழந்தையின் காய்ச்சலுக்கு உதவவேண்டிய மருந்தே பயனற்றுப் போகக்கூடும். வெயிலும் சுண்ணாம்பும் தரும் காவலை இழந்து, விலையுயர்ந்த மருந்தையும் இழப்பது அறிவுடைமையாகாது.

ஊரில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்க்கும் உறவினர் நம்மிற் பலருக்கு உண்டு. அவர்களோடு அடுத்த முறை பேசும்போது, நலம் விசாரித்த கையோடு, "குளத்தைக் காயவிட்டீர்களா?" என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக.