உயிர் போன பிறகு ஆறு மணி நேரம்!

'செத்த பிறகும் நகம் வளரும் மச்சி!' - ஹாஸ்டல்களில் நள்ளிரவில் உலவுகிற கதை இது. சுத்தப் புருடா! ஈரம் வற்றித் தோல் சுருங்குவதால் நகம் நீளமாகத் தெரியும். அவ்வளவுதான்.

நிஜத்தில் என்ன நடக்கிறது? இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கி, தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் வரும். சில மணி நேரத்தில் இமை, தாடை என விறைப்பு ஆரம்பிக்கும். தசை இழைகள் பிடியை விடவும் ஏடிபி என்கிற எரிபொருள் வேணும். அது தீர்ந்ததும் தசை 'லாக்' ஆகிவிடும். பெரியவங்க சீக்கிரமே தாடையைக் கட்டிவிடுவது இதுக்கு முன்னாடி வாயை மூடத்தான்.

இத்தனைக்கும் நடுவே தாக்குப்பிடிக்கிறது கருவிழி! அதில் ரத்தக்குழாயே கிடையாது. உயிரோடு இருக்கும்போதே ஆக்சிஜனைக் காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளும் பார்ட்டி. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால், கருவிழி பாதித்துப் பார்வை இழந்த இரண்டு பேருக்கு வெளிச்சம். கண்ணாடி போட்டவங்க, கண்புரை ஆபரேஷன் செய்தவங்களும் தரலாம்.

செய்யவேண்டியது சிம்பிள். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, கண் வங்கிக்கு போன் போடணும். முகம் விகாரமாகாது.

கண்தான கார்டில் கையெழுத்துப் போட்டாச்சா? சூப்பர்! அப்படியே வீட்டிலும் சொல்லிவைங்க பாஸ். அன்னிக்கு போன் பண்ணப்போறது நீங்க இல்லை, அவங்கதான்!