வெள்ளத்தின் நடுவே அன்னையின் ஆலயம்

ரஷ்யாவின் விளாடிமிர் நகருக்கு அண்மையில், நேர்ல் ஆறு கிளியாஸ்மா ஆற்றோடு கலக்கும் இடத்தருகே, புல்வெளியின் நடுவே தனித்து நிற்கின்றது வெண்ணிறச் சுண்ணக்கல்லாலான சிற்றாலயம் ஒன்று. கோமகன் அந்திரேய் பொகொலியூப்ஸ்கி 1165 ஆம் ஆண்டளவில் இதனை எழுப்பினார். போரில் மாண்ட தம் மகன் இசியாஸ்லாவின் நினைவாகவே தந்தை இதனைக் கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இவ்வாலயம் 'பொக்ரோவ்' என்னும் திருநாளின் பெயரைத் தாங்கியுள்ளது. 10 ஆம் நூற்றாண்டிலே, கொன்ஸ்தாந்திநோபிள் நகரின் பிளாக்கர்னே ஆலயத்தில் மக்கள் இரவுச் செபத்தில் ஒன்றித்திருந்தபோது, அன்னை மரியாள் தமது முக்காட்டை அவர்கள்மீது விரித்து, அவர்களுக்காகப் பரிந்து மன்றாடியதைப் புனித அந்திரேயா கண்டார் என்பது கீழைத் திருச்சபையின் மரபு. முக்காடு, பாதுகாப்பு இரண்டையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். நமது 'அடைக்கலம்' அதற்கு மிக நெருங்கிய சொல் எனலாம். காட்சி நிகழ்ந்த நகரைவிட ரஷ்ய மண்ணிலேயே இத்திருநாள் ஆழமாக வேரூன்றியது. இன்றும் அங்கு ஒக்டோபர் 14 இல் அது கொண்டாடப்படுகின்றது.

கட்டடக் கலையில் பெரிதும் வியப்புக்குரியது கண்ணுக்குப் புலப்படாத பகுதியே. இளவேனிலில் பனி உருக, ஆறுகள் பெருகி அவ்வெளி முழுவதையும் மூடிவிடும். ஆகவே, அத்திவாரத்தின்மேல் பல அடி உயரத்துக்குச் செதுக்கிய கற்சுவர்களை எழுப்பி, உள்ளும் புறமும் மண் நிரப்பி, செயற்கை மேடொன்றை அமைத்து, அதனைக் கற்பலகைகளால் மூடினர். 1950களில் அகழாய்வு செய்த நிக்கொலாய் வொரோனின் இவ்வுண்மையை வெளிப்படுத்தினார். மேட்டின்மேல் நான்கு தூண்கள், ஒற்றைக் குவிமாடம், கிழக்கே மூன்று அரைவட்ட மாடங்கள், அவ்வளவுதான். சுவர்கள் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஆலயம் உள்ளதைவிட உயர்ந்து தோன்றுகின்றது.

அன்னையின் ஆலயத்தில் மூன்று வெளிச்சுவர்களின் உச்சியிலும் வீற்றிருப்பவரோ தாவீது அரசர்! கையில் இசைக்கருவி; சூழச் சிங்கங்களும் பறவைகளும். ஞாயிறுதோறும் பதிலுரைத் திருப்பாடல் பாடும் நமக்கு அவர் அந்நியரல்லர். மரியாளின் மைந்தர் தாவீதின் குலத்தில் உதித்தவர் என்பதை நினைவிற்கொண்டால் இவ்விணைப்பு விளங்கும்.

1784 இல் இவ்வாலயத்தை இடித்து, அதன் கற்களை வேறு கட்டடத்துக்குப் பயன்படுத்த அருகிலுள்ள துறவு மடத்தின் தலைவர் அனுமதி பெற்றார். வேலைக்குப் பணம் போதாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1992 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று பொகொலியூபோவோ ஊரிலிருந்து புல்வெளியூடாக ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு நடந்தே மக்கள் இங்கு வருகின்றனர். வெள்ளம் பெருகும் நாட்களில் படகே துணை.