முதல் வீடும் கைப்பொருளும்

கொல்கத்தாவில் 50 லட்சம் ரூபாய்க்கு அடுக்குமாடி வீடு வாங்க முற்படும் நடுத்தர வருவாய்க் குடும்பத்தினர் மாதத் தவணையையே பெரிதும் கணக்கிடுகின்றனர். முதல் தடையோ அதற்கு முன்பே உள்ளது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டலாகாது. எனவே, 10 லட்சம் கைப்பொருளாக வேண்டும். முத்திரைத் தீர்வை 6 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் ஆகிய மூன்றரை லட்சமும் கடனுக்கான மதிப்பில் சேராது. கட்டப்பட்டு வரும் வீடாயின் ஜி.எஸ்.டி. வேறு.

மேற்கு வங்கத்தின் தனிச் சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தபின், 2016ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே அங்கும் பொருந்துகிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் பெறுவதை அதன் 13ஆம் பிரிவு தடுக்கிறது. பலரும் பயன்படுத்தாத பாதுகாப்பு இது. சேமித்த 10 லட்சத்தில் மறுபாதியைப் பதிவு முடியும்வரை கொடுக்க வேண்டியதில்லை.