அபாயமும் தெரிவும்: ஒரு குறிப்பு

2004 ஜனவரி 2ஆந் திகதி, அவுஸ்திரேலியாவிலுள்ள தமது விலங்குக்காட்சிச் சாலையில், ஸ்ரீவ் இர்வின் தம் ஒரு மாதக் குழந்தையை ஒரு கையில் ஏந்தியவாறு மறுகையால் முதலைக்கு இரையூட்டினார். பல நாடுகளிலும் கண்டனம் எழுந்தது. நிலைமை தம் கட்டுப்பாட்டில் இருந்ததென அவர் வாதிட்டார், வழக்கெதுவும் தொடரப்படவில்லை. விவாதம் தந்தையொருவரின் பொறுப்புணர்ச்சி என்ற எல்லைக்குள்ளேயே நின்றமை நோக்கற்பாலது.

புத்தளக் கரையோரத்தில், வில்பத்துக் காட்டை அடுத்த வண்ணாத்திவில்லுப் பகுதிக் குழந்தைகளுக்கோ காட்டு யானை அன்றாட அபாயமாகும். பயிர்நிலமும் யானை வழித்தடமும் ஒன்றையொன்று ஊடறுக்கும் அங்கு, வறிய பெற்றோர்க்குத் தெரிவென்று ஒன்றில்லை. தெரிவுள்ளவரின் துணிச்சல் உலகைப் பதறச் செய்தது. தெரிவற்றோரின் பிள்ளைகளுக்கு அப்பதற்றம் கிட்டுவதில்லை. அபாயத்தைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் காணும் நோக்கு, அதற்கு அடிப்படையான நில உறவுகளை மறைத்துவிடுகின்றது. குழந்தைப் பாதுகாப்புப் பற்றிய விவாதம் அவற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.