உங்கள் உடம்பிலுள்ள ஆபத்து வைத்தியரின் கண்ணில் படுகிறதா?

சாட்டிக் கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில், பனங்கூடல் ஓரமாக இருக்கிறது அந்த அக்காவின் வீடு. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, வன்னியில் பல இடங்களில் இருந்து, 2009 இல் செல் காயத்தோடு முகாமுக்குப் போய், பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியவர். அவருடைய மருத்துவக் கடதாசிகள் முழுவதும் ஒரு சொப்பின் பைக்குள் இருந்தன. கிளினிக் கொப்பி, எக்ஸ்றே படம், மருந்துத் துண்டுகள், முகாமில் கொடுத்த அட்டைகள்.

“எல்லாம் உதுக்குள்ளதான் கிடக்கு பிள்ளை. ஒண்டையும் நான் எறியேல்லை” என்றார்.

உண்மைதான், ஒன்றும் தொலையவில்லை. இருந்தும் அது போதாது என்பதை நான் பிறகுதான் கண்டேன்.

நாரி நோவும் கால் விறைப்பும் கூடியபோது, வெளிமாவட்டத்திலுள்ள ஒரு வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும்படி அவரை அனுப்பினார்கள். துணைக்கு நான் போனேன். ஸ்கான் அறைக்கு வெளியே ஒரு படிவம் நிரப்பினார்கள். “உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா?” என்ற கேள்விக்கு அக்கா “இல்லை” என்றார். எலும்புக்குத் தகடு வைத்தவர்களைத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தார். அவருடைய உடம்பில் இருந்தது ‘செல் பீஸ்’. அதை உலோகம் என்று யார் சொல்வார்கள்? பக்கத்தில் இருந்த எனக்கு அந்தக் கதை தெரியும். எனக்கும் அந்த நேரம் அது தோன்றவில்லை. சமூகவியல் படித்து, காயப்பட்ட பெண்களோடு இத்தனை வருடம் வேலை செய்த நான் அதைக் கோட்டைவிட்டேன்.

சங்கிலியைக் கழற்றும்போது கழுத்தின் பின்பக்கத் தழும்பை ஸ்கான் எடுக்கும் உத்தியோகத்தர் கண்டார். “இது என்ன காயம் அம்மா?” “செல் பட்டது. பீஸ் உள்ளுக்குத்தான் கிடக்கு.” உடனே நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்றே எடுத்தபோது இரண்டு துண்டுகள் தெரிந்தன.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகச் சக்தி வாய்ந்த காந்தம். உடம்புக்குள் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றின் அருகிலோ இருந்தால் பெரிய கேடு வரலாம். எல்லாத் துண்டும் ஆபத்தானதல்ல. அது எந்த உலோகம், எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்தியர்தான் முடிவெடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்றே, சீ.ரி. ஸ்கான், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கான் எதிலும் காந்தம் இல்லை. அவற்றுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அக்காவுக்கும் பிறகு சீ.ரி.தான் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தேன். 2009 இல் எழுதிய ஒரு துண்டில், ஆங்கிலத்தில், பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு நடுவே, உலோகத் துண்டு உள்ளே இருப்பது எழுதப்பட்டிருந்தது. நூறு நோயாளரைப் பார்க்கும் வைத்தியர் அந்த வரியைத் தேடிப் பிடிப்பாரா?

இது நமது ஊரின் குறை மட்டுமல்ல. தகவல் இருப்பது வேறு, அது கண்ணில் படுவது வேறு என்பதை மருத்துவ உலகமே மெல்ல மெல்லத்தான் கற்றது. முகாமில் பிள்ளைகளின் மேற்கையைச் சுற்றி அளந்த நாடா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு. அதன் பொருள் கடுமையான போசாக்கின்மை. எழுத்துத் தெரியாத தாய்க்கும் அது விளங்கியது.

பிள்ளைப்பேற்றிலும் இப்படி ஒன்று உண்டு. 1972 இல், இன்று சிம்பாப்வே எனப்படும் நாட்டில், பில்பொற் என்ற வைத்தியர் பிரசவ வரைபடத்தில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார். ஒன்று எச்சரிக்கைக் கோடு. மற்றது நான்கு மணித்தியாலம் தள்ளிப் போட்ட நடவடிக்கைக் கோடு. பெரிய வைத்தியசாலை தூரத்தில் இருப்பதால், எப்போது தாயை அனுப்ப வேண்டும் என்று மருத்துவிச்சி ஒரு பார்வையிலே அறிவதற்காகத்தான் அது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்த தாய்மாருக்கு அந்த நான்கு மணித்தியாலத்தின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. 1990-91 இல் உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 35,484 பெண்களிடம் இந்த வரைபடத்தை ஆராய்ந்தது. 18 மணித்தியாலத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 வீதத்திலிருந்து 3.4 வீதமாகக் குறைந்தன. எல்லாப் பெண்களின் உடம்பும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை என்று தெரிந்தபின், 2020 இல் அந்தக் கோடுகளை நீக்கிப் புதிய படிவம் கொண்டுவந்தார்கள்.

பிரித்தானியாவில் 2012 முதல், சுவாசம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் முதலியவற்றை நிறப்பட்டைகள் போட்ட ஒரே தாளில் குறிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசர நிலை.

ஆனால் எல்லாவற்றையும் சிவப்பாக எழுதினால் ஒன்றும் சிவப்பாகத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாளை வைத்தியர் மட்டுமா பார்க்கிறார்? நோயாளரைப் பார்க்க வருகிற மாமியும் பார்ப்பார், அயலாரும் பார்ப்பார்கள். நமது பெண்களிடம் வெளியே சொல்ல விரும்பாத காயங்கள் உண்டு. ஆகவே கொப்பியின் மட்டையில் அல்ல, உள்ளே முதற்பக்கத்தில் எழுதுவதே நல்லது என்பது என் எண்ணம்.

அப்படித்தான் செய்தோம். சட்ட வைத்திய அதிகாரிகள் காயங்களைக் குறிப்பதற்கு மனித உருவப் படத்தைப் பயன்படுத்துவார்கள். அதை நினைத்து, அக்காவின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு உருவம் வரைந்தேன். கிளினிக் டொக்டர் எக்ஸ்றேயைப் பார்த்து, துண்டுகள் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையொப்பமும் திகதியும் இட்டார். ஒவ்வாத மருந்து இருந்தால் அதற்கும் அங்கேயே ஒரு வரி. அவ்வளவுதான், வேறு எதையும் அந்தப் பக்கத்தில் எழுத விடவில்லை. நீங்களும் உங்கள் கிளினிக்கில் இதைக் கேட்கலாம். புள்ளியை வைத்தியர் வைக்கட்டும், நாமாக வைக்கக்கூடாது. ‘உலோகம்’ என்று யாராவது கேட்டால் ‘செல் பீஸ் இருக்கு’ என்று வாயாலும் சொல்லுங்கள்.

கொப்பியை வாங்கிய அக்கா படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒண்டு இருக்கு பிள்ளை” என்றார். “தொடையிலை. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

டொக்டர் எழுந்து போகவில்லை. தொடைக்கும் எக்ஸ்றே எடுக்கத் துண்டு எழுதித் தந்தார்.