இரட்டை இன்ஷூரன்ஸ், ஒற்றை விக்: ‘டபுள் இண்டெம்னிட்டி’ செட்டுக்குள் ஒரு சுற்று

சத்தம் போடாமல் வாங்க! தரையெல்லாம் கேபிள், பார்த்துக் கால் வையுங்கள். இது 1943, ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டூடியோ. ஒரு குற்றப் படம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று பார்க்க, கற்பனையிலாவது உள்ளே நழுவிவிட்டோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

கதை தெரியும்தானே? வால்டர் நெஃப் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி ஃபிலிஸ் மேல் மயங்குகிறான். கணவனுக்கே தெரியாமல் அவன் பேரில் 50,000 டாலருக்கு ஒரு விபத்து பாலிசி. அவன் ரயிலிலிருந்து விழுந்து இறந்த மாதிரி காட்டிவிட்டால் தொகை இரண்டு மடங்கு, ஒரு லட்சம் டாலர். மோசடிக்கு நாயகன் நாயகி போடும் திட்டம் இது. அதைப் படமாக்க இங்கே பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் இன்னொரு கூட்டம் திட்டம் போடுகிறது. அந்தக் கூட்டத்தின் கைவேலையைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் எழுத்தாளர்கள் அறை. மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உள்ளே ஒரே பைப் புகை! புகைப்பவர் துப்பறியும் நாவல்கள் எழுதும் ரேமண்ட் சாண்ட்லர், வயது ஐம்பதைத் தாண்டியவர். சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுவது இதுவே முதல் தடவை. கையில் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாரே, அவர்தான் இயக்குநர் பில்லி வைல்டர், இன்னும் நாற்பதைத் தொடாதவர். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அறைக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொள்கிறார், பெண்களோடு போனில் பேசிக்கொண்டே இருக்கிறார், ஜன்னலைத் திற என்று அதிகாரம் பண்ணுகிறார் என்று வைல்டர் மேல் சாண்ட்லர் ஒரு புகார்ப் பட்டியலே எழுதிக் கொடுத்தார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் சாண்ட்லர் கில்லாடி. மூலக்கதை ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதியது. அதிலுள்ள வசனத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் வைல்டர். நடிகர்களை அழைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். படிக்க ருசித்த வரிகள் காதில் சப்பென்று விழுந்தன. அப்புறம்தான் சாண்ட்லரின் பேனா புதிதாக ஓடியது. அந்தக் குத்தலும் குறும்புமான வசனமெல்லாம் இந்தப் புகைக்குள்ளே பிறந்தவை!

அடுத்து ஃபிலிஸின் வீடு. வெளிப்புறம் ஹாலிவுட் மலைச்சரிவில் நிற்கும் நிஜ வீடு, உள்புறம் ஸ்டூடியோவில் போட்ட செட். ஷாட்டுக்கு முன்னால் வைல்டர் என்ன செய்கிறார் பாருங்கள். ஆஷ்ட்ரேயைக் கவிழ்க்கிறார்! வீடு பளபளப்பாக இருக்கக் கூடாதாம், சாம்பலும் அழுக்குமாக இருக்க வேண்டுமாம். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அலுமினியத் துகளைக் காற்றில் ஊதிவிடச் செய்கிறார். ஜன்னல் பட்டைகள் வழியே வெளிச்சம் கோடு கோடாக இறங்குகிறது, அதில் தூசி மிதக்கிறது. நிஜத் தூசி கேமராவுக்குத் தெரியாது, பொய்த் தூசிதான் நிஜமாகத் தெரிகிறது. நடிகர்கள் அந்தக் கோடுகளுக்குள் வந்து நின்றால், அப்போதே சிறைக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் தோற்றம். கைதட்டத் தோன்றுகிறது, தட்டிவிடாதீர்கள், டேக் போகிறது!

அதோ பார்பரா ஸ்டான்விக்! கொலைகாரி வேஷமா என்று முதலில் தயங்கினார். நீங்கள் நடிகையா, சுண்டெலியா என்று வைல்டர் கேட்க, நடிகைதான் என்று ஒத்துக்கொண்டார். தலையில் இருக்கும் பொன்னிற விக்கைப் பார்த்தீர்களா? அதை முதன்முதலாகப் பார்த்த ஸ்டூடியோ தலைமைத் தயாரிப்பாளர், ஸ்டான்விக்குக்குச் சம்பளம் கொடுத்து ஜார்ஜ் வாஷிங்டனை அல்லவா கூட்டி வந்திருக்கிறோம் என்று அலுத்துக்கொண்டாராம்! விக் போகட்டும், முகத்தைப் பாருங்கள். காருக்குள் கணவன் கொல்லப்படும்போது கேமரா கொலையைக் காட்டுவதே இல்லை, ஓட்டிக்கொண்டிருக்கும் அவர் முகத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. கண் நேராக ரோட்டில். உதட்டோரத்தில் மட்டும் மெல்லிய திருப்தி. அத்தனை பெரிய கொலை அந்த உதட்டோரத்தில் நடந்து முடிகிறது.

நாயகன் ஃப்ரெட் மெக்மரே அதுவரை கலகலப்பான படங்களில் வந்தவர். இந்த வேஷத்தை ஏற்கப் பல நடிகர்கள் மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ராஃப்ட், நாயகன் கோட்டைத் திருப்பிப் போலீஸ் பேட்ஜைக் காட்டும் கட்டம் எங்கே என்று கதையின் நடுவிலேயே கேட்டாராம். அப்படி ஒரு கட்டமே இல்லை, நாயகன் கொலைகாரனேதான் என்றதும் நழுவிவிட்டார். மெக்மரேவும் தன்னால் முடியாது என்றுதான் சொல்லிப் பார்த்தார், வைல்டர் விடவில்லை. ரகசியமாக ஒன்று சொல்கிறேன், அவர் இடது கையைக் கவனியுங்கள். கதைப்படி நெஃப் கல்யாணமாகாதவன். விரலில் மெக்மரேவின் சொந்தக் கல்யாண மோதிரம் மின்னுகிறது!

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் செட்டுக்கு வந்துவிட்டோம். வரிசை வரிசையாக மேஜைகள், சுற்றி மேல்தளம். பாரமவுண்டின் நியூயார்க் தலைமையகத்தையே காப்பியடித்துப் போட்ட செட் இது, முதலாளிகளைச் சீண்ட ஒரு குறும்பு. இங்கே ராஜா எட்வர்ட் ஜி. ராபின்சன். பொய்யான க்ளெய்மை மோப்பம் பிடிக்கும் கீஸ் வேஷம். நாயகனாகவே பழகியவர், பெயர்ப் பட்டியலில் மூன்றாம் இடத்தை ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறார். தற்கொலைப் புள்ளிவிவரங்களை மூச்சுவிடாமல் அடுக்கும் காட்சியில் சுற்றியிருப்பவர்கள் மறைந்தே போகிறார்கள். கீஸின் அறைக்கு வெளியே நாற்காலியில் ஒருவர் புத்தகம் படிக்கிறாரே, உற்றுப் பாருங்கள். நம்ம சாண்ட்லர்! வைல்டரோடு ஓயாமல் மல்லுக்கட்டியவர் அவர் படத்திலேயே தலை காட்டுகிறார்.

நெஃப்பும் ஃபிலிஸும் திருட்டுத்தனமாகச் சந்திக்கும் மளிகைக் கடைக் காட்சிக்கு நிஜப் போலீஸ் காவல்! யுத்த காலம், டின் உணவெல்லாம் ரேஷன். படப்பிடிப்பில் அடுக்கிய டின்களை யாரும் லபக்கிவிடக் கூடாதே! அந்தப் பக்கம் நெஃப்பின் ஃபிளாட் கதவையும் பாருங்கள். கதவு வராந்தாப் பக்கம் திறக்கிறது. வீட்டுக் கதவு அப்படித் திறக்காது என்று வைல்டருக்கும் தெரியும். ஆனால் கீஸ் வெளியே நிற்கும்போது ஃபிலிஸ் ஒளிந்துகொள்ள வேறு இடம் ஏது? பயத்தில் நமக்கும் அது உறைப்பதே இல்லை.

இப்போது நான் துடித்துக் காத்திருந்த காட்சி. பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டாயிற்று, இருவரும் காரில் ஏறிக் கிளம்புகிறார்கள். ஷாட் ஓகே. வைல்டர் வெளியே போய்த் தன் சொந்தக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால், கார் கிளம்பவில்லை! மனுஷர் எரிச்சல்படவில்லை, செட்டுக்கு ஓட்டமாக ஓடி வருகிறார். பிரிக்காதீர்கள், இன்னொரு தடவை எடுக்கிறோம்! இப்போது கதையிலும் கார் கிளம்பாது. செட்டில் இருப்பதோ முழுக் கார் கூட இல்லை. மெக்மரே சாவியைத் திருப்புகிற பாவனை செய்கிறார். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று வைல்டர் இழுக்கிறார். இவ்வளவு நேரம் ஜனங்கள் பொறுக்க மாட்டார்கள் என்று மெக்மரே கத்துகிறார். வைல்டர் அசையவில்லை. படம் பார்க்கிறவர்களோ கொலைகாரர்களின் கார் கிளம்ப வேண்டுமே என்று சீட் நுனிக்கு வந்துவிடுகிறார்கள்! நல்லவர்களான நம்மை ஒரே சாவியால் கூட்டாளிகளாக்கிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு செட், திரையில் நீங்கள் பார்க்கவே போவதில்லை. கலிஃபோர்னியா சிறையின் விஷவாயு அறையை அச்சு அசலாகக் கட்டி, ஐந்து நாள் படமெடுத்தார்கள். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் 1,50,000 டாலர் வரை செலவு. எல்லாம் முடிந்த பிறகு வைல்டர் அதைத் தூக்கிவிட்டார். படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: ரத்தம் ஒழுக நெஃப் ஆபீஸ் வாசலில் சரிந்து கிடக்கிறான். எப்போதும் கீஸின் சுருட்டுக்கு நெருப்பு பற்றவைத்துக் கொடுப்பவன் அவன், இப்போது கீஸ் அவன் சிகரெட்டுக்குப் பற்றவைக்கிறார். அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது? இசையிலும் வைல்டருக்கு இதே பிடிவாதம்: மிக்லோஷ் ரோஷா அமைத்த இசை ஸ்டூடியோ இசைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை, வைல்டர் மசியவில்லை.

1944-இல் வெளியான படத்துக்கு ஆஸ்கரில் 7 பரிந்துரைகள், விருது ஒன்றுகூட இல்லை. போகட்டும்! இன்றே படத்தைத் தேடிப் பிடியுங்கள். மோதிரம், கதவு, நாற்காலியில் சாண்ட்லர், மிதக்கும் தூசி, எல்லாவற்றையும் தேடுங்கள். அந்தக் கார்க் காட்சியில் மட்டும், ரகசியம் தெரிந்த பிறகும் உங்கள் விரல்கள் இல்லாத சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும். பந்தயம் கட்டுகிறேன்!