புரை ஏறுவது ஏன்?

பேரன் அவசர அவசரமாகத் தண்ணீர் குடிக்கிறான். குடித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். அவ்வளவுதான், புரை ஏறிவிட்டது! கண்ணில் நீர் வழிய இருமுகிறான். பாட்டி ஓடி வந்து உச்சந்தலையில் தட்டுகிறாள்.

"யாரோ உன்னை நினைக்கிறாங்கடா!" என்கிறாள்.

நினைத்தது யாரோ, அது இருக்கட்டும். அந்த நேரத்தில் பையனின் தொண்டைக்குள் ஒரு பெரிய காவல் வேலை நடந்திருக்கிறது.

தொண்டையிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாய். மற்றொன்று, நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய். மூச்சுக்குழாயின் வாசலில் இருப்பது குரல்வளை. நாம் விழுங்கும்போதெல்லாம் அது மேலே எழும்பி மூடிக்கொள்கிறது. சாப்பாடு பக்கத்து வழியே இறங்கிவிடுகிறது. விழுங்கும்போதே பேசினாலும் சிரித்தாலும் வாசல் திறந்துகொள்ளும். தண்ணீர் வழி தவறிவிடும்.

வழி தவறிய தண்ணீரைக் கண்டுபிடிப்பது யார்?

உள்ளே நிற்கும் காவலர்கள்

குரல்வளை தொடங்கி நுரையீரலின் உட்கிளைகள் வரை, காற்று போகும் குழாயின் உட்சுவரில் ஒரு தனி வகை உயிரணுக்கள் இருக்கின்றன. எண்ணிக்கை மிகக் குறைவு. நுரையீரலுக்குள் அந்தச் சுவரில் உள்ள உயிரணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் நிற்கிற இடம்தான் முக்கியம். நாற்சந்தியில் போலீஸ்காரர் நிற்பதுபோல, குழாய் கிளை பிரியும் இடங்களில் கொத்துக் கொத்தாக நிற்கின்றன! அவற்றை ஒட்டியே உணர்ச்சி நரம்புகளின் நுனிகள் வந்து முடிகின்றன.

இந்த உயிரணுக்களை டாக்டர்கள் பல காலமாக அறிவார்கள். ஆனால் அவை என்ன வேலை செய்கின்றன என்பதுதான் சரியாக விளங்காமல் இருந்தது.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி இருக்கிறார். மிளகாய் பட்டால் ஏன் எரிகிறது என்பதைத் துருவிக் கண்டுபிடித்து, 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். அவரும் லாரா சீஹோல்சர் என்ற பெண் விஞ்ஞானியும் சுண்டெலிகளை ஆராய்ந்து, 2024இல் விடையை வெளியிட்டார்கள்.

காவல் உயிரணுக்கள் இரண்டு பொருள்களைக் கண்டால் துள்ளி எழுகின்றன. ஒன்று தண்ணீர். மற்றொன்று புளித்த அமிலம். மூச்சுக்குழாயின் ஈரத்தில் உப்பு உண்டு. வெறும் தண்ணீர் அங்கே அந்நியன். அமிலமோ, எதுக்களிக்கும்போது இரைப்பையிலிருந்து மேலே வருவது.

எழுந்த உயிரணு என்ன செய்கிறது? ஏ.டி.பி. என்ற ரசாயனத்தைக் கக்குகிறது. உடம்பின் எல்லா உயிரணுக்களுக்கும் வேலை செய்யச் சக்தி தருவது இதே ஏ.டி.பி.தான். அடுப்புக்கு உள்ள விறகே இங்கே தந்தியாகவும் பயன்படுகிறது என்று சொல்லலாம்! பக்கத்து நரம்பு அந்தச் செய்தியை வாங்கி, மூளையின் அடிப்பகுதிக்கு அனுப்புகிறது. உடனே உத்தரவு வருகிறது: விழுங்கு! மூச்சை வெளியே தள்ளு!

ஆக, தண்ணீரை வெளியேற்றுவது இருமல்தான். பாட்டியின் கை தரும் ஆறுதல் வேறு விஷயம். இருமுகிற பிள்ளையின் வாயில் மேலும் தண்ணீர் ஊற்றாமல், இருமி முடிக்க விடுவதே நல்லது.

நாக்கு மரத்துப் போன கதை

சிலருக்குக் காரணமே இல்லாமல் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இருமல். நரம்பு தொட்டதற்கெல்லாம் கூச்சல் போடுகிறது. நரம்பு ஏ.டி.பி.யை வாங்கும் வாயிலை அடைத்துவிட்டால்? அப்படி ஒரு மருந்து செய்தார்கள். கெஃபாபிக்ஸன்ட் என்று பெயர். ஜப்பான் 2022இலும் ஐரோப்பா 2023இலும் அதை அனுமதித்தன. பலன் போதவில்லை என்று அமெரிக்கா அனுமதி தரவில்லை.

இருமல் குறைந்தவர்களுக்கும் ஒரு சங்கடம் வந்தது. மருந்து சாப்பிட்ட பலருக்கு நாக்கில் ருசி கெட்டுப்போயிற்று! நாக்கும் தன் ருசிச் செய்தியை ஏ.டி.பி. மூலமாகத்தான் நரம்புக்குச் சொல்கிறது. ஒரு கம்பியை அறுத்தால் இரண்டு வீட்டு விளக்கும் அணைந்த கதை.

சத்தமில்லாத புரை

இருமல் தொல்லைதான். ஆனால் அது வராமல் போவது அதைவிட ஆபத்து. வயதானவர்களுக்கும், பக்கவாதம் கண்டவர்களுக்கும் இந்தக் காவல் தளர்ந்துவிடுவதுண்டு. கஞ்சியும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்கும், இருமலே வராது. பக்கத்தில் இருப்பவர்கள், "இன்றைக்கு நன்றாகக் குடித்தார்" என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே போனது நுரையீரலில் தங்கி நிமோனியா காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

படுத்த வாக்கில் ஊட்டக்கூடாது என்று நர்சுகள் கண்டிப்பது இதனால்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். குடித்தபின் குரல் நீர் கோத்தாற்போல் களகளவென்று கேட்டால், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பக்கவாத நோயாளிக்கு வாய்வழியாக ஆகாரம் கொடுக்கத் தொடங்குமுன், ஆஸ்பத்திரிகளில் கொஞ்சம் தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்பார்கள். நோயாளி விழுங்குகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் பேசாமல் நின்று, இருமல் வருகிறதா, குரல் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.